ஆபீஸுக்கு ஃபைல் சர்வர் வாங்கப் போறீங்களா? கடைக்குப் போகும் முன் பதில் தெரிய வேண்டிய 2 கேள்விகள்

டிஸ்க் எத்தனை, ரேம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், தொலைந்த ஃபைல் திரும்பக் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். ஏன்?

‘சர்வரா? அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே!’ – சின்ன ஊர்களில் சர்வர் பேச்சு எடுத்தாலே வருகிற முதல் பதில் இதுதான்.

திருப்பனந்தாள் போன்ற ஒரு பேரூராட்சியில் இயங்கும் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு வைஃபை ரவுட்டர். ஃபைல்கள் பென் டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் கை மாறுகின்றன. ஒரே பேலன்ஸ் ஷீட் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘இதுதான் ஃபைனல்’ என மூன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. எது சரியானது என்பது அங்கே பல வருஷமாக வேலை பார்க்கும் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் லீவு போட்டால் வேலை நிற்கும். அவர் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் போனால், வாடிக்கையாளர்களின் கணக்கே போகும்.

நெல் அரவை ஆலை, பத்திர எழுத்தர் அலுவலகம், கல்யாண வீடியோ ஸ்டுடியோ, தனியார் பள்ளி என எங்கே போனாலும் கதை ஏறக்குறைய இதேதான். அதுவும் இந்த ஃபைல்கள் சில மாதத்தில் தேவையற்றுப் போகிறவை அல்ல. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியில் இருந்து 72 மாதங்களுக்குக் கணக்குப் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட கம்பெனி என்றால் 8 நிதியாண்டுகள். கணக்கை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கம்பெனிகள், இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்று 2022-ல் விதியும் திருத்தப்பட்டது.

சரி, அப்படியானால் எந்த சர்வர் வாங்குவது?

ஃபைல் சர்வர் என்றால் என்ன?

அலுவலகத்தின் எல்லா ஃபைல்களும் ஒரே இடத்தில் இருக்கும். எல்லா கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாக அங்கிருந்தே திறக்கும், அங்கேயே சேமிக்கும். யார் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று கட்டுப்படுத்தலாம். அவ்வளவுதான் ஃபைல் சர்வர்.

இதில் ஒரு நன்மையும் ஒரு ஆபத்தும் சேர்ந்தே வருகின்றன. எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் தேட வேண்டியதில்லை. எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால், அந்த இடம் போனால் எல்லாமே போகும். ஐந்து கம்ப்யூட்டரில் சிதறிக் கிடந்தபோது ஒன்று போனால் ஐந்தில் ஒரு பங்குதான் போயிருக்கும். ஆகவே, பேக்கப் இல்லாமல் சர்வர் மட்டும் வாங்குவது, முன்பைவிடப் பெரிய ஆபத்தில்தான் கொண்டுபோய் விடும்.

முதலில் 2 கேள்விகள்

ஒன்று: எத்தனை நேர வேலை தொலைந்தால் தாங்க முடியும்? நேற்று சாயங்காலம் வரை இருந்தது கிடைத்தால் போதும், இன்றைக்குச் செய்ததை மறுபடி செய்துகொள்ளலாம் என்றால், தினம் ஒரு பேக்கப் போதும். நாளெல்லாம் பில் போடுகிற இடம் என்றால், மணிக்கு ஒருமுறையாவது எடுக்க வேண்டும்.

இரண்டு: சர்வர் நின்றுபோனால், எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும்? ஸ்டுடியோ இரண்டு நாள் சமாளித்துவிடும். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைசி நாளில் ஆடிட்டர் அலுவலகத்தால் இரண்டு மணி நேரம்கூடச் சமாளிக்க முடியாது.

இந்த இரண்டு பதில்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால், வாங்க வேண்டிய பொருள் பாதி முடிவாகிவிடும். கடைக்காரர் சொல்கிற ‘லேட்டஸ்ட் மாடல்’ எல்லாம் அதற்குப் பிறகுதான்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

*பழைய கம்ப்யூட்டர்:* ஒரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரை ‘ஷேர்’ போட்டு மற்றவர்கள் பயன்படுத்துவது. மூன்று நான்கு பேருக்குச் சரிவரும். ஆனால், சாதாரண விண்டோஸில் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள்தான் அனுமதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதில் ஓடும் பழைய பெட்டியை சர்வர் ஆக்குவது சரியல்ல. அதிலேயே ஒருவர் உட்கார்ந்து பிரவுசிங்கும் செய்தால், வைரஸ் வருவதற்கு அந்த ஒரு வாசல் போதும்.

*நாஸ் பெட்டி:* நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி. சினாலஜி, கியூநாப், அசஸ்டர் போன்ற பிராண்டுகளில் கிடைக்கிறது. இரண்டு அல்லது நான்கு டிஸ்க் போடலாம். மின்செலவும் சத்தமும் குறைவு. ஐந்து முதல் இருபது பேர் வரை உள்ள அலுவலகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும்.

*டவர் சர்வர்:* டெல், எச்பிஇ, லெனோவோ நிறுவனங்களின் சிறிய சர்வர்கள். ஃபைலோடு கணக்கு மென்பொருள், டேட்டாபேஸ் எல்லாம் அதிலேயே ஓட வேண்டும் என்றால் இதுதான் பொருத்தம். பிழை திருத்தும் ஈசிசி ரேம் இருக்கும். விலை அதிகம். பார்த்துக்கொள்ள விஷயம் தெரிந்த ஆள் வேண்டும்.

*கிளவுட்:* கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, சோஹோ வொர்க்டிரைவ் போன்றவை. பெட்டி வாங்க வேண்டாம். ஆனால், மாதாமாதமோ ஆண்டுதோறுமோ ஆளுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். இணையம் நின்றால் வேலையும் நிற்கும்.

இரண்டு டிஸ்க் இருக்கே, அப்புறம் எதுக்கு பேக்கப்?

அதிகம் பேர் ஏமாறுகிற இடம் இது. நாஸ் பெட்டியில் ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் வசதி உண்டு. இதற்கு ‘ரெய்டு 1’ என்று பெயர். 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டால், கிடைக்கும் இடம் 8 அல்ல, 4 டெராபைட்தான். ஒரு டிஸ்க் பழுதானாலும் மற்றது வேலை செய்யும், அலுவலகம் நிற்காது.

இது கட்டாயம் தேவைதான். டிஸ்க் பழுது அபூர்வமான விஷயம் இல்லை. லட்சக்கணக்கான டிஸ்க்குகளை இயக்கும் அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம் வெளியிட்ட கணக்குப்படி, 2023-ல் 1.70 சதவீதமும், 2024-ல் 1.57 சதவீதமும் பழுதாகின. அவை குளிரூட்டப்பட்ட டேட்டா சென்டரில் இருந்தவை. தஞ்சை வெயிலில், அரிசி ஆலைத் தூசிக்கு நடுவே ஓடும் டிஸ்க்குக்கு அந்த சொகுசு கிடையாது.

ஆனால், ரெய்டு காப்பாற்றுவது டிஸ்க் பழுதில் இருந்து மட்டும்தான். யாரோ தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால், இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். ரேன்சம்வேர் வந்து ஃபைலைப் பூட்டினால், இரண்டிலும் பூட்டும். பெட்டியே திருடுபோனாலோ, இடி விழுந்து கருகினாலோ, இரண்டும் சேர்ந்தே போகும். ரெய்டு, வேலை நிற்காமல் இருப்பதற்கு. பேக்கப், வேலை தொலையாமல் இருப்பதற்கு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பதே கிடையாது.

அரசாங்கங்களுக்கே நடந்தது

‘நம்ம ஆபீஸ்ல என்ன ஆகிடப் போகுது’ என்று நினைப்பவர்கள் இரண்டு நிகழ்வுகளைப் பார்க்கலாம்.

2023 ஆகஸ்ட் 26-ல் இலங்கை அரசின் கிளவுட் அமைப்பு ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. அரசு அலுவலகங்களின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைப்பை விரைவிலேயே மீட்டுவிட்டார்கள். ஆனால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். காரணம், ஆன்லைனில் இருந்த பேக்கப்பும் தாக்குதலில் சேர்ந்து பூட்டிக்கொண்டது. அந்தக் காலத்துக்குத் தனியாகக் கழற்றி வைத்த பேக்கப் எதுவும் இல்லை.

2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் தேஜோன் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரியில் இருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலை ஃபைல்களைச் சேமித்து வந்த ‘ஜி-டிரைவ்’ அமைப்பு முற்றிலும் எரிந்தது. போனது 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்பதால், அதற்கு வெளியே பேக்கப் வைக்கவில்லை என்று விளக்கம் தரப்பட்டது.

இரண்டு இடத்திலும் சர்வருக்கோ பணத்துக்கோ படித்த பொறியாளர்களுக்கோ பஞ்சம் இருந்திருக்காது. இல்லாமல் போனது, தள்ளி வைத்த இன்னொரு பிரதி.

3-2-1: பழைய சுவடிப் பாடம்

இதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் எளிய விதி ‘3-2-1’. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ இதைப் பரவலாக்கினார். ஒரு ஃபைலுக்கு 3 பிரதிகள். அவை 2 வகைச் சாதனங்களில். அவற்றில் 1 வேறு இடத்தில்.

காவிரிக் கரைக்காரர்களுக்கு இது புதிய யோசனை அல்ல. திருப்பனந்தாள் கோயிலின் தலமரமே பனை. அந்தப் பனையோலையில்தான் நூற்றாண்டுகளாகத் தமிழ் எழுதப்பட்டது. ஓலையைப் பூச்சி அரிக்கும், ஈரம் கெடுக்கும். அதனால் ஏடுகள் பழுதாவதற்குள் புதிய ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். மடங்களிலும் வீடுகளிலும் ஊர் ஊராகப் பிரதிகள் இருந்தன. பக்கத்தில் உள்ள கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததும், பல இடங்களில் இருந்து பல ஏடுகளைத் தேடி ஒப்பிட முடிந்ததால்தான். பெயர்த்து எழுத ஆள் இல்லாத நூல்கள் பெயர் மட்டுமாக நின்றுபோயின.

இன்றைய அலுவலகத்துக்கு இதை இப்படிப் பொருத்தலாம். முதல் பிரதி, நாஸ் பெட்டியில். இரண்டாவது, யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் தினமும் இரவு தானாக எடுக்கும் பேக்கப். மூன்றாவது, கிளவுடிலோ முதலாளி வீட்டிலோ.

யுஎஸ்பி டிஸ்க்கில் ஒரு விஷயம் முக்கியம். அதை எப்போதும் சர்வரிலேயே செருகி வைத்தால், ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இலங்கையில் நடந்தது அதுதான். ஆகவே, இரண்டு டிஸ்க் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றிப் போடுவது நல்லது. ஒன்று சர்வரில் இருக்கும்போது மற்றது வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். வெளியே போகிற டிஸ்க்கைக் கடவுச்சொல் போட்டு என்கிரிப்ட் செய்துவிடுவது அவசியம். வாடிக்கையாளர்களின் பான், ஆதார் விவரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

இதோடு, நாஸ் பெட்டியில் ‘ஸ்நாப்ஷாட்’ வசதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மணிக்கு ஒருமுறை ஃபைல்களின் அப்போதைய நிலையைக் குறித்து வைத்துக்கொள்ளும். ‘ஐயோ, மாத்தி சேவ் பண்ணிட்டேன்’ என்றால், பதினோரு மணிக்கு இருந்த ஃபைலை ஒரு நிமிடத்தில் திரும்ப எடுக்கலாம். தினசரி அலுவலகத்தில் அதிகம் கைகொடுப்பது இதுதான்.

டிரைவ்ல ஆட்டோமேட்டிக்கா சேவ் ஆகுதே, போதாதா?

போதாது. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை கம்ப்யூட்டரோடு ‘சிங்க்’ ஆகின்றன. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். அதற்குள் கவனித்தால்தான் உண்டு. மார்ச்சில் அழிந்த ஃபைலை ஜூலையில் தேடினால் கிடைக்காது.

இன்னொன்று நேரக் கணக்கு. 1 டெராபைட் டேட்டாவை 20 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் கிளவுடுக்கு ஏற்ற, நடுவில் நிற்காமல் ஓடினாலும் நாலரை நாளுக்கு மேல் ஆகும். சர்வர் போன அன்று திரும்ப இறக்குவதற்கும் அதே போல நேரம் பிடிக்கும். அதே 1 டெராபைட்டை அலுவலகத்துக்குள் கிகாபிட் கேபிள் வழியாக சுமார் இரண்டரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். ஆடிட்டர் அலுவலகத்தின் எக்செல், பிடிஎஃப் ஃபைல்களுக்கு கிளவுடே போதுமானதாக இருக்கலாம். கல்யாண வீடியோ எடுப்பவருக்குப் பெட்டி இல்லாமல் முடியாது.

கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டரை அப்படியே சிங்க் போடுவதையும் தவிர்க்க வேண்டும். ஃபைல் திறந்திருக்கும் நேரத்தில் எடுத்த பிரதி அரைகுறையாக இருக்கலாம். அந்த மென்பொருளிலேயே உள்ள பேக்கப் வசதியில் எடுத்து, அந்த பேக்கப்பை சர்வரில் வைப்பது பாதுகாப்பானது.

கரன்ட், இடி, எலி

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களின் மின்கம்பங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்குக் கரன்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அந்த அளவுக்குப் போக வேண்டாம்; கோடைமழை இடியில் இரண்டு முறை கரன்ட் போய் வந்தாலே போதும், எழுதிக்கொண்டிருந்த டிஸ்க்குக்கு ஆபத்துதான்.

வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைக்கலாம். கரன்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளி ஃபேனுக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்து, அது ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். ஆகவே தனி யுபிஎஸ் வேண்டும். அதுவும் யுஎஸ்பி ஒயர் மூலம் சர்வரோடு பேசும் வகையாக இருக்க வேண்டும். பேட்டரி தீரும் நிலையில், ‘கிளம்பு’ என்று யுபிஎஸ் சொல்ல, சர்வர் தானாகவே முறையாக அணைந்துவிடும். இரவில் யாரும் இல்லாதபோது இதுதான் காப்பாற்றும். அதே யுபிஎஸ்ஸில் ரவுட்டரையும் சுவிட்ச்சையும் இணைப்பது நல்லது. எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடலாம்.

பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. மழைத் தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் நனைவது தரையில் இருப்பதுதான். மேஜை உயரத்துக்கு மேல், காற்றோட்டமான, பூட்டக்கூடிய இடத்தில் வைக்கலாம். கேபிளைப் பைப்புக்குள் விட்டால் எலித் தொல்லை குறையும். சுவிட்ச் பழைய 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால் மாற்றிவிட வேண்டும். 2 ஜிபி ஃபைல் அதில் வர மூன்று நிமிடம் ஆகும். கிகாபிட் சுவிட்ச்சில் இருபது விநாடி போதும். ‘சர்வர் ஸ்லோ’ என்ற புகார்களில் பல, உண்மையில் சுவிட்ச்சின் குற்றம்.

வீட்டில் இருந்தும் பார்க்கணுமா? கவனம்

சர்வரை இணையத்துக்கு நேராகத் திறந்துவிடுவது பெரிய தவறு. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ பெட்டிகள் இணையம் வழியாகத் தாக்கப்பட்டு, உலகம் முழுக்கப் பலருடைய ஃபைல்கள் துடைத்தழிக்கப்பட்டன. அந்தப் பெட்டிக்குக் கடைசியாக மென்பொருள் அப்டேட் வந்தது 2015-ல். 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ ரேன்சம்வேர், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டியது.

வெளியில் இருந்து பார்க்க வேண்டும் என்றால், விபிஎன் வழியாக மட்டும் பார்க்கலாம். ‘அட்மின்’ என்ற பெயரிலேயே கணக்கு வைத்துக்கொள்ளாமல், இரட்டைச் சரிபார்ப்பு போட்டு வைக்கலாம். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் மானிட்டரில் ஒட்டிய சீட்டில் என்றால், பூட்டு போட்டுவிட்டு சாவியைத் திண்ணையில் வைத்த கதைதான்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

• இந்த மாடலுக்கு இன்னும் எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும்?

• எந்த டிஸ்க்கை வேண்டுமானாலும் போடலாமா? சினாலஜி 2025-ல் சில மாடல்களுக்குத் தன் பட்டியலில் உள்ள டிஸ்க்தான் என்று கட்டுப்பாடு போட்டு, எதிர்ப்பு வந்த பிறகு அதே ஆண்டு தளர்த்தியது.

• டிஸ்க் நாஸுக்கான வகையா? சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? எஸ்எம்ஆர் வகை, ரெய்டில் மறுபடி டேட்டாவை நிரப்பும்போது மிகவும் மெதுவாகிவிடும்.

• பழுதானால் கும்பகோணத்திலேயே பார்ப்பார்களா, வெளியூருக்கு அனுப்ப வேண்டுமா? அதுவரை மாற்றுப் பெட்டி கிடைக்குமா?

• பெட்டி முழுவதுமாகப் போனால், பேக்கப் டிஸ்க்கை சாதாரண கம்ப்யூட்டரில் செருகிப் படிக்க முடியுமா?

• கொட்டேஷனில் டிஸ்க், யுபிஎஸ், பேக்கப் டிஸ்க் எல்லாம் சேர்ந்திருக்கிறதா? நாஸ் பெட்டிகள் பெரும்பாலும் டிஸ்க் இல்லாமலே விற்கப்படுகின்றன.

பட்ஜெட் இடித்தால் பெட்டியில் ஒரு படி இறங்கலாம். பேக்கப் டிஸ்க்கிலும் யுபிஎஸ்ஸிலும் கை வைக்கக் கூடாது.

கடைசியாக ஒரு சோதனை

பேக்கப் ஓடுகிறது என்பது வேறு. அதில் இருந்து ஃபைல் திரும்ப வரும் என்பது வேறு. 2017 ஜனவரி 31-ல், மென்பொருள் உருவாக்குவோர் பயன்படுத்தும் கிட்லேப் தளத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து வகை பேக்கப் ஏற்பாடு இருந்தது. எதுவுமே சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்து வைத்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது.

அந்த நிலை வராமல் இருக்க, மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். போன மாதத்து ஃபைல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பேக்கப் டிஸ்க்கில் இருந்து வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனது என்று தேதியோடு நோட்டில் எழுத வேண்டும். யார் செய்ய வேண்டும் என்று ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அவர் லீவு போட்டால் செய்ய இன்னொருவருக்கும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே சர்வர் இருக்கும் அலுவலகங்கள் இந்தச் சோதனையை நாளைக்கே செய்து பார்க்கலாம். ஃபைல் திறந்தால், இருக்கிற பெட்டியே போதும். திறக்காவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அதை நம்பகமான சர்வர் என்று சொல்ல முடியாது.